காசாக்க முடியாத லீவு

கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து புத்தாண்டு வரை உள்ள அந்த ஒரு வாரம் மும்பையில் ஒரு விநோதமான வாரம். பிள்ளைகளுக்கு லீவு, பெற்றோருக்கு லீவு கிடையாது. மே மாதம் என்றால் ஊருக்குப் போய்விடுகிறோம். தீபாவளி என்றால் பண்டிகை வேலையே பொழுதை நிரப்பிவிடுகிறது. இந்த வாரம் மட்டும் பண்டிகையிலும் சேர்த்தி இல்லை, பயணத்திலும் சேர்த்தி இல்லை. காலையில் நாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, பிள்ளைகள் சோபாவில் சுருண்டு படுத்துக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும் வாரம் இது. அந்தப் பார்வையைச் சந்திக்காத வேலைக்காரத் தாய் நம் சங்கத்தில் இருக்கமாட்டார்.

நமக்கே இந்த வாரம் பழகிய வாரம்தான். ஊரில் இதற்கு அரையாண்டு லீவு என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பரீட்சை முடியும். ஜனவரி பிறந்த பிறகு பள்ளி திறக்கும். நடுவில் ஆச்சி வீடு, மார்கழிப் பனி, வாசலில் கோலம், பூசணிப்பூ என்று பொழுது போகும். ஆனால் அதையே நினைத்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. அந்த லீவில் நம்மைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பல வீடுகளில் இரண்டு மூன்று பெண்கள் இருந்தார்கள். இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பத்து நாள் லீவில் ஊருக்குப் போய்வரலாம் என்றால், திருநெல்வேலிப் பக்கம் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். முன்பதிவு 120 நாளுக்கு முன் தொடங்கும் வழக்கம் 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகிவிட்டது. அந்த அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தும் வெயிட்டிங் லிஸ்டில் விழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆக, இந்த வாரத்தை இங்கேதான் கழித்தாக வேண்டும். எப்படிக் கழிப்பது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் இப்போது மூன்று வழிகள் நடக்கின்றன. முதல் வழி, 'விண்டர் கேம்ப்'. ரோபோ செய்யக் கற்றுத் தருகிறோம், அபாகஸ் கற்றுத் தருகிறோம் என்று நோட்டீஸ் கதவிடுக்கில் வந்து விழும். பள்ளிக்குப் போகும் அதே நேரத்துக்கு அதே மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை போகும். இரண்டாவது, மொபைல் போன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, பிள்ளையை அந்தக் கையகலப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பரிகாரம்போல ஒரு மால், ஒரு சினிமா, ஒரு பீட்சா. இவற்றைச் செய்கிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். வேறு வழி ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் லீவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் வேலை பார்ப்பவள். ஊழியர்களின் லீவுக் கணக்கை எழுதுவதே என் பிழைப்பு. அரசு ஊழியருக்கு வருடத்துக்கு 8 நாள் காஷுவல் லீவு. டிசம்பர் 31ஆம் தேதி இரவோடு மிச்சமிருப்பது காலாவதி. அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியாது, காசாகவும் ஆகாது. அரை நாளாகவும் எடுக்கலாம். இடையில் வரும் ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேராது. இதைத் தவிர விருப்ப விடுமுறை இரண்டு நாள் உண்டு. ஜனவரி முதல் தேதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், லீவு காலாவதியாகும் அதே வாரத்தில்தான் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். யாரோ நமக்காகவே பார்த்துப் பொருத்திவைத்ததைப் போல இருக்கிறது. ஆனால் அந்த வாரத்தில் என் மேஜைக்கு வரும் லீவு விண்ணப்பங்களைப் பார்த்தால், குழந்தைகளை முன்னிட்டு வருபவை பெரும்பாலும் பெண்களுடையவையாக இருக்கும்.

சம்பாத்திய லீவு என்பது வேறு. ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று வருடத்துக்கு 30 நாள் கணக்கில் ஏறும். ஓய்வு பெறும்போது 300 நாள் வரை பணமாக்கிக்கொள்ளலாம். இதற்காகவே ஒரு நாள்கூட எடுக்காமல் சேர்த்துவைக்கிறவர்கள் உண்டு. ஓய்வு பெறும் நாளில் சர்வீஸ் புக்கை மூடும்போது முந்நூறு நாள் முழுசாக நிற்கும். பணமும் வரும். நல்லதுதான், மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக்கடனுக்கோ ஆகும். ஆனால் அந்த முந்நூறில் ஒரு நாளைக் கொண்டுபோய்ப் பையனின் எட்டாவது வயதில் செலவு செய்ய முடியாது. அந்தப் பையனுக்கு அப்போது முப்பது வயதாகியிருக்கும். பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பான். பிள்ளைகளின் வயது எந்தக் கணக்கிலும் சேர்ந்து நிற்பதில்லை. அது காசாக்க முடியாத லீவு.

இந்த இடத்தில் தகப்பனார்களோடு கொஞ்சம் பேச வேண்டும். நம் நாட்டில் 2024ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அந்த ஆண்களும் 'செய்கிறேன்' என்று சொன்ன ஆண்கள்தான். ஒரு துரும்பையும் எடுத்துப்போடாதவர்கள் இந்தச் சராசரியில் இல்லை! அரசாங்க விதியும் அப்படித்தான் இருக்கிறது. குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று 730 நாள் வரை தருகிறார்கள். பெண் ஊழியர்களுக்கும், தனியாகக் குழந்தையை வளர்க்கும் ஆண்களுக்கும் மட்டும். மனைவி இருக்கும் ஆணுக்குக் கிடையாது. மனைவி இருந்தால் பிள்ளையைப் பார்க்கும் வேலை அவளுடையது என்பது சட்டத்தின் அனுமானம். சட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் 8 நாள் காஷுவல் லீவு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.

எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஒரு முறை வைத்திருக்கிறோம். அந்த வாரத்துக்கென்று என் கணவர் இரண்டு நாள், நான் இரண்டு நாள். அவர் தனியார் கம்பெனி. அவருக்கு லீவு கேட்பது என்னைவிடக் கஷ்டம். ஆகவே அக்டோபரிலேயே சொல்லிவைத்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே நாளில் எடுப்பதில்லை. ஒரே நாளில் எடுத்தால் என்ன ஆகும் என்று பெண்களுக்குத் தெரியும்: அவர் சாய்வு நாற்காலி, நான் அடுப்படி. தனித்தனியாக எடுத்தால், அவருடைய நாளில் சாப்பாடு அவர் பொறுப்பு. ரசம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். மிச்ச நாளுக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

லீவு எடுத்துவிட்டு என்ன செய்வது? 'ப்ரோகிராம்' எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டு வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் போதும். இதை நான் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை, தமிழுக்காகச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பாருங்கள். ஆங்கிலம் பாடமொழி. இந்தி உண்டு. மகாராஷ்டிர அரசு 2020ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டப்படி மராத்தியும் கட்டாயம். அதில் தவறே இல்லை. இந்த மண்ணில் வாழ்கிறோம், இந்த மண்ணின் மொழி தெரியத்தான் வேண்டும். கொத்தமல்லிக்கட்டுக்குப் பேரம் பேச என் மகள் மராத்தியில் பேசினால் இரண்டு ரூபாய் குறைகிறது. நான் பேசினால் ஏறுகிறது! மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளும் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகளின் பள்ளி அட்டவணையில் தமிழுக்கு ஒரு பீரியடுகூடக் கிடையாது. தமிழ் இருக்கும் ஒரே இடம் வீடு.

அந்த வீட்டில் நாம் என்ன தமிழ் பேசுகிறோம்? ஒரு சாதாரண நாளை எண்ணிப் பாருங்கள். முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் போய், அதே மாதிரி ஒரு மணி நேரம் திரும்பி வருகிறவள் நான். காலையில் பிள்ளைகளோடு பேசுவது: "எழுந்திரு. பல்லைத் தேய். பாலைக் குடி. சீக்கிரம். வேன் வந்தாச்சு, ஓடு." இரவில் பேசுவது: "கை காலைக் கழுவு. ஹோம்வொர்க்கை எடு. சாப்பிடு. போனை வை. படு." எல்லாமே ஏவல். இவற்றுக்குப் பதில் பேச வேண்டியதில்லை. எழுந்தால் போதும், குடித்தால் போதும், படுத்தால் போதும். "என் பிள்ளைக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் வராது" என்று நம் சங்க விழாக்களில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சொல்கிறோமே, அது ஏன் என்று யோசித்ததுண்டா? பேச வேண்டிய தேவையே இல்லாத தமிழை நாம் கொடுக்கிறோம். கட்டளையைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டார்கள். பதில் சொல்லவும், எதிர்க்கேள்வி கேட்கவும், கதையைச் சொல்லவும் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் போகிறார்கள். குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, கடிகாரத்திடம் இருக்கிறது.

வேன் வராத, டை கட்ட வேண்டாத அந்த ஒரு வாரத்தில்தான் ஏவல் அல்லாத தமிழுக்கு இடம் கிடைக்கிறது. "ஏன்?" என்று கேட்க முடிகிறது. "அப்புறம்?" என்று கேட்க முடிகிறது.

சமையலறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். காய் எதுவானாலும் 'கட் பண்ணுவது' என்ற ஒரே சொல்தான் பிள்ளைகளிடம் இருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்து வேலை செய்தால், வெண்டைக்காயை நறுக்குகிறோம், வாழைப்பூவைப் பொடியாக அரிகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், பச்சைப் பட்டாணியை உரிக்கிறோம், கறிவேப்பிலையை உருவுகிறோம், கீரையை ஆய்கிறோம். 'ஆய்வது' என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள். பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளிவிட்டு நல்லதை எடுப்பது என்றேன். "ஆராய்ச்சின்னு சொல்றாங்களே, அதுவும் இதுதானா?" என்று ஏழாவது படிக்கும் அவள் அண்ணன் கேட்டான். ஆம், அதுவும் இதுதான். இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு வைத்திருந்தால் இரண்டு பேருமே கொட்டாவி விட்டிருப்பார்கள். முளைக்கீரைக் கட்டு ஒன்று அந்த வேலையைச் செய்தது.

இன்னொன்று. எங்கள் பக்கத்து வீட்டில் கோவாக்காரக் குடும்பம். கிறிஸ்துமஸ் அன்று தட்டு நிறையப் பலகாரம் வரும். அதில் குல்குல் கட்டாயம் இருக்கும். மாவைச் சிறு உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை பூசுவார்கள். ஒருவர் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை அது. பண்டிகைக்கு முன்னால் தாத்தாவிலிருந்து பேரன்வரை எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சுருட்டுகிறார்கள். வாய் ஓயாமல் கொங்கணியில் பேச்சு. அவர்கள் பிள்ளைகளும் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். கொங்கணி எப்படித் தங்கியிருக்கிறது என்பதற்கு அந்த மேஜையே பதில்.

வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது நம் வழக்கம். கடையில் வாங்கி வைத்துக் கொடுப்பதற்குப் பதில், அந்த வாரத்தில் ஒரு நாள் வீட்டில் முறுக்குச் சுடுகிறோம். பக்குவம் கேட்கத் திருநெல்வேலிக்குப் போன். வழக்கமாக ஆச்சியோடு பேரப்பிள்ளைகள் பேசுவது மூன்றே வரி: "நல்லாருக்கீங்களா ஆச்சி? நல்லாருக்கேன். அம்மாகிட்ட குடுக்கறேன்." அன்றைக்கு அப்படி முடிக்க முடியாது. "உளுந்தை எது வரைக்கும் வறுக்கணும் ஆச்சி?" "வாசம் வார வரைக்கும்ட்டி." "வாசம் எப்போ வரும்?" "நீ அடுப்புப் பக்கத்துலயே நில்லு, அதுவா வரும்." இருபது நிமிடம் ஓடியது அந்தப் பேச்சு. நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"தமிழ் படித்து இவர்களுக்கு என்ன வேலை கிடைக்கப்போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். வேலைக்காக நான் சொல்லவில்லை. ஆச்சிக்கும் பேரனுக்கும் நடுவில் துபாஷி தேவைப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். நம் பிள்ளைகளும் நாளைக்குக் கணக்கெடுக்க வருகிறவரிடம் 'தமிழ்' என்றே சொல்லக்கூடும். ஆனால் அதை எந்த மொழியில் சொல்வார்கள் என்பதுதான் என் கவலை.

"பிள்ளைகளுக்குப் போரடிக்குமே" என்பது இன்னொரு கேள்வி. அடிக்கட்டும். போரடிக்கும்போதுதான் "அம்மா, நீ மும்பைக்கு எப்படி வந்தே?" என்ற கேள்வி வருகிறது. எந்த ரயிலில் வந்தோம், முதல் மாதம் யார் வீட்டில் தங்கினோம், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினோம், இந்தி தெரியாமல் கடையில் என்ன கேட்டு என்ன வாங்கி வந்தோம் – இந்தக் கதைகளை நாம் நண்பர்களிடம் நூறு முறை சொல்லியிருப்போம், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கமாட்டோம். சொல்ல நேரம் கிடைத்ததில்லை. நம் குடும்பம் ஏன் இங்கே இருக்கிறது என்பது ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டிய சரித்திரம். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான். லீவே இல்லாதவர்கள் என்ன செய்வது? தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவருக்கு யார் காஷுவல் லீவு தருவார்கள்? ஆஸ்பத்திரி நர்ஸுக்கு, டிரைவருக்கு, காண்டிராக்ட் தொழிலாளிக்கு, மளிகைக் கடைக்காரருக்கு டிசம்பரும் ஒன்று, ஜூனும் ஒன்று. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. லீவு இருக்கிறவர்கள் 'பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்' என்று அவர்களுக்கு உபதேசம் செய்வது அழகல்ல. அவர்களுக்கு நாம் உபதேசம் செய்ய வேண்டாம், ஒத்தாசை செய்யலாம்.

மிச்ச நாளுக்கான ஏற்பாடு என்று சொன்னேனே, அது இதுதான். எங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். இன்று என் வீடு, நாளை உங்கள் வீடு. யார் லீவில் இருக்கிறார்களோ அவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும். அதில் ஒருவர் நர்ஸ். அவரால் ஒரு நாளும் தர முடியாது. அவர் பிள்ளை எல்லா நாளும் வரும். அவ்வளவுதான் கணக்கு. எட்டுப் பிள்ளைகள் ஒரு வீட்டில் இருந்தால் சத்தம் இருக்கும். கீழ் வீட்டுக்காரர் ஒரு முறை மேலே வந்து பார்ப்பார். முறுக்குக் கொடுத்தால் சமாதானமாகிவிடுவார்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 26 முதல் 31 வரை நூலக அறையைக் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை திறந்துவையுங்கள். ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச ஆளில்லை. பிள்ளைகளுக்குக் கேட்க ஆளில்லை. இரண்டு பேரையும் ஓர் அறையில் விட்டுக் கதவை மூடினால் போதும். கதை சொல்லட்டும், பல்லாங்குழி ஆடட்டும், படப்புத்தகம் பார்க்கட்டும். தயவுசெய்து பேச்சுப் போட்டி வைக்க வேண்டாம். திருக்குறள் ஒப்பித்தலும் வேண்டாம். அதற்கு வருடம் முழுக்க மேடை இருக்கிறது. தலைமை உரை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் இல்லாத ஒரு நிகழ்ச்சியை நம் சங்கம் நடத்திப் பார்க்க இது நல்ல சந்தர்ப்பம்!

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது டிசம்பர் பிறந்திருக்கும். லீவுப் பதிவேட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் மிச்சமிருந்தால், கணவரும் மனைவியும் பேசி ஆளுக்கொரு நாளைக் குறித்து, நாளைக்கே எழுதிக் கொடுங்கள். காரணம் எழுதும் இடத்தில் 'சொந்த வேலை' என்று போடுவது வழக்கம். தாராளமாகப் போடுங்கள், இதைவிடச் சொந்தமான வேலை நமக்கு வேறு இல்லை.